பூமலையிலிருந்து கடற்கரை வரை: சிங்கப்பூரில் அவசரமில்லாத ஒரு நாளுக்கு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் சிங்கப்பூரின் தோட்டங்களுக்கும் கடற்கரைக்கும் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்கள் தாங்களாகவே போய்விட்டுக் களைத்துத் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன். போன இடங்கள் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். போன வரிசைதான் வேறு. ஆகவே இந்த வழிகாட்டி எதை எதற்குப் பின் வைக்க வேண்டும், ஏன் அப்படி வைக்க வேண்டும் என்பதைப் பற்றியே பேசுகிறது. தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் தங்கியிருப்பவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறிடத்தில் தங்குபவர்கள் முதல் ரயிலையும் கடைசி ரயிலையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

1. முதலில் வரிசையை முடிவு செய்யுங்கள்

நாளின் வரிசை இதுதான்: காலையில் பூமலை எனப்படும் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டம், நண்பகலுக்குப் பின் கார்டன்ஸ் பை தி பே எனப்படும் கரையோரப் பூந்தோட்டங்களின் குளிரூட்டப்பட்ட கண்ணாடி மாடங்கள், மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்கா. மூன்றுக்கு மேல் ஓரிடத்தையும் சேர்க்க வேண்டாம்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு பாகை வடக்கே இருப்பதால், ஆண்டின் எந்த மாதமானாலும் காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் நான்கு வரை வெயிலும் புழுக்கமும் சேர்ந்தே இருக்கும். அந்த ஐந்து மணி நேரத்தைக் கூரைக்கு அடியில் கழித்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மற்றவை தாமாகவே தம் இடத்தில் அமர்ந்துவிடும். புதிதாக வருபவர்களில் பலர் காலையின் குளுமையைக் கண்ணாடி மாடத்துக்குள் செலவழித்துவிட்டு, நண்பகலில் பூமலையின் திறந்த புல்வெளியில் நடக்கிறார்கள். அதற்குப் பின் கடற்கரைக்குப் போகும் தெம்பு யாருக்கும் இருப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ரயில் வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் இருக்கும் தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் தடம் இந்த மூன்று இடங்களையும் ஒரே கோட்டில் கோக்கிறது. பூமலையின் தெற்கு வாயிலில் நேப்பியர் நிலையம், பூந்தோட்டங்களின் அருகே கார்டன்ஸ் பை தி பே நிலையம், கடற்கரையை ஒட்டிய குடியிருப்புகளில் மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப் நிலையங்கள் ஆகியவை இருக்கின்றன. கடற்கரைப் பகுதி நிலையங்கள் 2024-இல்தான் திறக்கப்பட்டன. எனவே அதற்கு முன் வந்துபோனவர்கள் சொல்லும் பேருந்து எண்களையும் வாடகைக் கார் யோசனைகளையும் நீங்கள் பின்பற்ற வேண்டிய தேவையில்லை.

2. முந்தின நாளே முடிக்க வேண்டியவை

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ இரவு விமானத்தில் வந்து இறங்கும் நாளில் இந்தத் திட்டத்தை வைக்காதீர்கள். மொத்த நடை எட்டு கிலோமீட்டரைத் தாண்டும். தூக்கமில்லாத உடம்புக்கு அது அதிகம்.

கண்ணாடி மாடங்களுக்கான நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். வாங்குவதற்கு முன், நீங்கள் போகும் நாளில் அவை திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு மாதமும் சில நாள்கள் பராமரிப்புக்காக ஏதேனும் ஒரு மாடத்தை மூடுவார்கள். அதைக் கவனிக்காமல் நேரே போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களை நான் அறிவேன். நுழைவு நேரம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிற்பகல் ஒரு மணியை ஒட்டித் தேர்ந்தெடுங்கள்.

பயணத்துக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையை ரயில் நிலைய வாயிலில் தட்டினாலே போதும். வெளிநாட்டு அட்டைக்கு ஒரு சிறு நிர்வாகக் கட்டணம் சேரும். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒரே அட்டையைத் தட்டிக் குடும்பத்தில் இருவர் செல்ல முயல்வது முதலாவது. ஆளுக்கோர் அட்டை கட்டாயம். நுழையும்போது அட்டையையும் வெளியேறும்போது அதே அட்டை பதிந்துள்ள கைப்பேசியையும் தட்டுவது இரண்டாவது. கருவி அவற்றை இரண்டு வேறு அட்டைகளாகக் கருதுவதால், எதைத் தட்டி உள்ளே போனீர்களோ அதையே தட்டி வெளியே வர வேண்டும். 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

பையில் வைக்க வேண்டியவை குறைவுதான்: குடை, தண்ணீர்க் குப்பி, கொசுவிரட்டித் தைலம், மாடங்களின் குளிருக்கு ஒரு மெல்லிய சால்வை, ஒரு மாற்றுச் சட்டை, ஈரத்தையும் மணலையும் துடைக்க ஒரு துண்டு. இங்கே குழாய்நீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம் என்பதால், ஒரு லிட்டர் குப்பி ஒன்று இருந்தால் நாள் முழுதும் நிரப்பிக்கொள்ளலாம். மாற்றுச் சட்டையைத்தான் எல்லாரும் வேண்டாம் என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். காலை நடையில் வியர்வையில் நனைந்த சட்டையோடு குளிர்மாடத்துக்குள் நுழையும்போதுதான் அதன் அருமை தெரியும்.

3. விடிவதற்குள் கிளம்ப வேண்டாம்

சிங்கப்பூர்க் கடிகாரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சூரியன் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. ஊர்ப்பழக்கத்தில் ஐந்தரைக்கே தோட்டத்தை அடைந்தால், பூமலை காலை ஐந்து மணிக்கே திறந்திருந்தாலும், இருட்டில் விளக்குக் கம்பங்களைத்தான் பார்க்க நேரும்.

ஆறரைக்குத் தேக்காவில் காலைச் சிற்றுண்டியைத் தொடங்குங்கள். பூமலைக்குள் நல்ல இட்லியோ தோசையோ கிடைக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம் என்பதால், சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் இங்கேயே மதியத்துக்கும் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்வது நல்லது. காரணத்தை ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

பிறகு லிட்டில் இந்தியா நிலையத்தில் நீல நிற டவுன்டவுன் தடத்தில் ஏறினால், நியூட்டன், ஸ்டீவன்ஸ் கடந்து மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிறத் தடமும் இருப்பதால், ஏறும் மேடை நீலத்துக்கு உரியதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலிலும் நிலையத்திலும் தண்ணீர் உட்பட எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். பொட்டலம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

4. பூமலையை வடக்கிலிருந்து தெற்காக நடங்கள்

பூமலையின் பரப்பு 82 ஹெக்டேர். வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் தூரம். நுழைவு இலவசம். பெரும்பாலான சுற்றுலா வாகனங்கள் தெற்கே உள்ள டாங்லின் வாயிலில் இறக்கிவிடுவதால், வருகிறவர்கள் அங்கிருந்து பாதி தூரம் உள்ளே நடந்து, அதே வழியில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ரயிலில் வருவதால் வடக்கே உள்ள புக்கித் தீமா வாயிலில் நுழைந்து, ஒரே திசையில் நடந்து, டாங்லின் வாயிலில் வெளியேறலாம். அங்கே பழுப்புத் தடத்தின் நேப்பியர் நிலையம் காத்திருக்கும். திரும்பி நடக்கும் தூரம் முழுவதும் மிச்சம்.

நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் எதிரே வாயில். அங்கிருந்து ஏரியின் ஓரமாகத் தெற்கே வரும் பகுதியில் நடைப்பயிற்சி செய்பவர்கள் அதிகம். மெதுவாக நடப்பவர்கள் இடப்புறம் ஒதுங்கிச் செல்வது வழக்கம். இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம் என்பது என் கருத்து. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உடன் இருந்தால் மட்டும், வழியில் உள்ள ஜேக்கப் பல்லாஸ் குழந்தைகள் தோட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குள் குழந்தையோடு வரும் பெரியவர்களுக்குத்தான் அனுமதி, திங்கட்கிழமை விடுமுறை.

அதன் பின் சிம்பனி ஏரியும் பனைவகை மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கும் வரும். அவற்றை ஒட்டி ஏறத்தாழ ஆறு ஹெக்டேர் அளவில் இயற்கைக் காடு ஒன்று அப்படியே விடப்பட்டிருக்கிறது. மரப்பலகைப் பாதை உள்ளே செல்கிறது. எட்டு மணிக்குள் இங்கே வந்துவிட வேண்டும். அப்போதுதான் பறவைகளின் அரவம் இருக்கும். காற்றோட்டமில்லாத அடர்காடு ஆதலால் நேரம் ஏற ஏறப் புழுக்கமும் ஏறும். கொசுவிரட்டியைக் காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே பூசிக்கொள்ளுங்கள். டெங்கி இங்கும் உண்டு.

பாதையில் உடும்பு குறுக்கிட்டால் நின்று வழிவிடுங்கள். அது உங்களைப் பொருட்படுத்தாது. எந்த விலங்குக்கும் பறவைக்கும் உணவு போடக் கூடாது. புறாவுக்கு ஒரு கைப்பிடி பொரி போடுவதை நாம் புண்ணியமாகக் கருதினாலும், இங்கே அது அபராதத்துக்குரிய குற்றம்.

முந்தின இரவு காற்றும் மழையுமாக இருந்திருந்தால், சில பாதைகளை நாடா கட்டி மூடியிருப்பார்கள். முதிய மரங்களின் கிளை முறிந்து விழும் ஆபத்துக்காகச் செய்யும் ஏற்பாடு அது. நாடாவைத் தாண்டிச் செல்பவர்களைப் பார்த்து நீங்களும் தாண்ட வேண்டாம்.

5. ஆர்க்கிட் தோட்டத்துக்கு எட்டரைக்குச் சென்று சேருங்கள்

பூமலையில் பெரியவர்களுக்குக் கட்டணம் உள்ள ஒரே பகுதி தேசிய ஆர்க்கிட் தோட்டம். வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர்களுக்கு 15 வெள்ளி, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் சலுகை, பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். சலுகைக்கு வயதுச் சான்று கேட்பார்கள் என்பதால் கடவுச்சீட்டின் படத்தையாவது கைப்பேசியில் வைத்திருங்கள்.

இது காலை எட்டரைக்குத் திறக்கிறது. வடக்கு வாயிலில் ஏழேகாலுக்கு நுழைந்து நிதானமாக நடந்து வந்தால், கதவு திறக்கும் நேரத்துக்குத் தானாகவே இங்கே வந்து சேர்வீர்கள். தெற்கிலிருந்து தொடங்குபவர்கள் ஏழரைக்கே வந்து ஒரு மணி நேரம் காத்திருப்பதையோ, பொறுமையிழந்து உள்ளே போகாமலே கடந்துபோவதையோ பார்க்கலாம். ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வரத் தொடங்கும்; அதற்குப் பின் ஒரு பூவைப் படமெடுக்கவும் வரிசையில் நிற்க வேண்டும்.

உள்ளே சரிவுகளும் படிகளும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையில் செல்லலாம். மலைப்பகுதி ஆர்க்கிட்களுக்கான குளிர்கூடத்தைக் கடைசியாகப் பாருங்கள். வெயிலில் சுற்றிய பின் அதுவே நல்ல இளைப்பாறல். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் இங்கே கூடத்துக்குள் இல்லாமல் திறந்த வெளியில் வெயிலில் வளர்கிறது. அதைத் தேடிக் குளிர்கூடத்துக்குள் சுற்றுபவர்களை ஒவ்வொரு முறையும் காண்கிறேன். வெயிலை விரும்பும் செடி அது.

வெளியே வந்ததும் இஞ்சித் தோட்டம் அடுத்தே இருக்கிறது. நம் வீட்டு மஞ்சள், இஞ்சி, ஏலக்காய் ஆகியவற்றின் உறவுச் செடிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். சிறிய அருவி ஒன்றின் பின்புறமாகவும் நடந்து செல்லலாம். அதன் பின் இசைமேடைப் புல்வெளி, அன்ன ஏரி என்று பாதை இறங்குகிறது. அன்ன ஏரிக்கரையில் பத்தரை மணிக்கு நீங்கள் அமர்ந்திருந்தால் கணக்கு சரியாக இருக்கிறது என்று பொருள். அரை மணி நேரம் பிந்தினாலும் கவலை வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தினால், மாலைக் கடற்கரைக்கு முன்னுள்ள பகுதிகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

6. மதிய உணவைப் பன்னிரண்டுக்கு முன் முடியுங்கள்

இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். உணவங்காடி நிலையங்களில் பல இனத்து உணவுகள் மலிவாகக் கிடைத்தாலும், சைவம் மட்டுமே உண்பவர்களுக்குத் தேர்வு குறைவு. காய்கறி நூடுல்ஸ் என்று கேட்டு வாங்கினாலும், அதன் குழம்பிலோ மிளகாய்ச் சம்பலிலோ உலர்ந்த இறாலை அரைத்த பெலாச்சான் சேர்ந்திருக்கலாம். மாமிசத் துண்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் சைவமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் தேக்காவில் வாங்கிய தயிர்சாதத்தையோ சப்பாத்தியையோ அன்ன ஏரியின் அருகில் நிழலில் அமர்ந்து உண்பதே அவர்களுக்கு நல்லது. தோட்டத்தில் அமர்ந்து உண்ணத் தடையில்லை; கண்ணாடி மாடங்களுக்குள் வெளி உணவு உண்ண அனுமதியில்லை. ஆகவே பொட்டலத்தை ரயில் ஏறுவதற்கு முன்பே காலி செய்துவிட வேண்டும்.

அசைவம் உண்பவர்கள் நேப்பியரில் பழுப்புத் தடத்தில் ஏறி, ஆறாவது நிறுத்தமான மேக்ஸ்வெல்லில் இறங்கலாம். நிலையத்தின் அருகிலேயே பெரிய உணவங்காடி இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குச் சுற்றியுள்ள அலுவலகங்கள் மொத்தமாக இறங்கி வந்துவிடும் என்பதால், பதினொன்றரைக்குள் தட்டோடு அமர்ந்துவிட வேண்டும். காலியாகத் தெரியும் மேசையில் ஒரு கைத்தாள் பொட்டலமோ குடையோ இருந்தால், அது யாரோ பிடித்துவைத்த இடம். மறந்துவைத்த பொருள் என்று எண்ணி நகர்த்திவிட்டு அமராதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை உரிய அடுக்கில் கொண்டுபோய் வைப்பது 2021-இலிருந்து கட்டாயம்.

ரயில் மேடையில் திசை பார்ப்பது முக்கியம். உட்லண்ட்ஸ் நார்த் என்று எழுதியிருக்கும் பக்கம் உங்களுக்கு எதிர்த்திசை. நேப்பியரிலிருந்து கார்டன்ஸ் பை தி பே ஒன்பதாவது நிறுத்தம். ஏறக்குறைய இருபது நிமிடம். மேக்ஸ்வெல்லில் இறங்கி ஏறியவர்களுக்கு மூன்றாவது நிறுத்தம்.

7. கண்ணாடி மாடங்களில் பிற்பகலைக் கழியுங்கள்

இரண்டு பெரிய மாடங்கள் அருகருகே இருக்கின்றன. ஃபிளவர் டோம் உலர்ந்த, குளிர்ந்த நிலப்பகுதிகளின் செடிகளுக்கு. கிளவுட் ஃபாரஸ்ட் மலைக்காட்டுச் செடிகளுக்கு. இரண்டும் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை. வெளியே உள்ள தோட்டங்களுக்கும் செயற்கைப் பெருமரங்களின் அடிப்பகுதிக்கும் கட்டணம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகுப்புச் சீட்டு வாங்கி, பாதியைப் பயன்படுத்தாமல் போகிறவர்களே அதிகம். மாடங்கள் இரண்டுக்கு மட்டும் வாங்கினால் போதும். பெருமரங்களுக்கு இடையே 22 மீட்டர் உயரத்தில் செல்லும் நடைபாலம் நண்பகல் வெயிலில் தோசைக்கல்லாக இருக்கும். இடி மழை வந்தால் மூடியும் விடுவார்கள்.

உள்ளே நுழைவதற்கு முன் கழிப்பறையில் சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஃபிளவர் டோம், பிறகு கிளவுட் ஃபாரஸ்ட் என்ற வரிசையை நான் பின்பற்றுகிறேன். கிளவுட் ஃபாரஸ்டின் வாசலிலேயே 35 மீட்டர் உயரமுள்ள அருவி சாரலை வீசுகிறது. நனைந்த பின் 23 முதல் 25 பாகை வரை குளிரூட்டப்பட்ட ஃபிளவர் டோமில் ஒரு மணி நேரம் நின்றால், முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சளி பிடித்துவிடும். நனைவதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் வெளியே வந்ததும் வெயிலில் உலர்ந்துவிடலாம்.

ஃபிளவர் டோமில் நடுப்பகுதி மலர்க்கண்காட்சிக்கு உரியது, அங்கேதான் கூட்டம். ஓரங்களில் உள்ள பாவோபாப், ஒலிவ மரங்களின் பக்கம் அமர இடம் கிடைக்கும். அவசரமில்லாத நாள் என்று பெயர் வைத்துக்கொண்டு அமராமலே சுற்றுவதில் பொருளில்லை. இங்கே அரை மணி நேரம் உட்காருங்கள்.

கிளவுட் ஃபாரஸ்டில் அருவியைப் பார்த்ததும் பலர் கீழ்த்தளத்திலேயே சுற்றிவிட்டு, பிறகு மேலே நடந்து ஏற முயல்கிறார்கள். மின்தூக்கியில் நேரே உச்சிக்குப் போய், மலையைச் சுற்றித் தொங்கும் நடைபாதைகளில் இறங்கி வருவதே அமைப்பின் நோக்கம். உயரத்துக்கு அஞ்சுபவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: நடைபாதைத் தளத்தின் வழியே சில இடங்களில் கீழே தெரியும். அவர்கள் மலையின் உட்புறம் வழியாக இறங்கலாம்.

படமெடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. குளிர்ந்த மாடத்திலிருந்து ஈரப்பதம் மிக்க வெளிக்காற்றுக்கு வரும்போது மூக்குக்கண்ணாடியிலும் கேமரா வில்லையிலும் நீர்ப்படலம் படியும். வெளியேறும் முன் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் படலம் இருக்காது. துடைத்துக்கொண்டே இருந்தால் வில்லையில் கோடுகள்தான் மிஞ்சும்.

8. கிளம்புவதற்கு முன் வானத்தைப் பாருங்கள்

பிற்பகல் இடிமழை இங்கே அன்றாடச் செய்தி. பருவக்காற்றுகள் மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் அது இன்னும் அடிக்கடி வரும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் என்பதால், மூன்று மணிக்கு வானம் கறுத்தாலும் மாலைத் திட்டத்தைக் கைவிட வேண்டாம். மாடத்துக்குள்ளேயே இருந்து விடுங்கள். வெளியே இருக்கும்போது இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்குவதுதான் மிகப் பெரிய தவறு. இது மின்னல் மிகுந்த ஊர். கூரையுள்ள கட்டடத்தையோ ரயில் நிலையத்தையோ தேடிச் செல்லுங்கள்.

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டால் வரிசையைத் திருப்புங்கள். ஒன்பது மணிக்கு மாடங்கள், மழை விட்டதும் நாலரைக்குப் பூமலை. பூமலை நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. ஆர்க்கிட் தோட்டத்தில் மட்டும் மாலை ஆறு மணிக்கு நுழைவுச்சீட்டு நின்றுவிடும். அப்படிச் செய்த நாளில் கடற்கரையை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை சில சமயம் நாள்கணக்கில் விடாமல் பெய்யும். அந்த வாரத்தில் இந்தத் திட்டமே பொருந்தாது.

9. கடலுக்கு ஐந்து மணிக்குப் பின் செல்லுங்கள்

பூந்தோட்டங்களின் ஓரத்தில் தெரியும் மரினா விரிகுடாவைக் கடலென்று எண்ணிப் படமெடுத்துவிட்டு, கடற்கரை பார்த்தாயிற்று என்று திரும்புகிறவர்கள் உண்டு. 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு கடலைத் தடுத்து நிறுத்துவதால் அது நன்னீர்த் தேக்கம். கடல் அணைக்கட்டுக்கு மறுபுறம். விருப்பமிருந்தால் பத்து நிமிடம் நடந்து அணைக்கட்டின் புல்வேய்ந்த கூரைக்குப் போய் இரண்டு பக்கமும் பார்க்கலாம். நிழலே இல்லாத இடம் என்பதால் ஐந்துக்கு முன் வேண்டாம்.

ரயிலில் அதே திசையில் தொடர்ந்தால் ஐந்தாவது நிறுத்தம் மரின் டெரஸ். நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவே விரைவுச்சாலை ஒன்று ஓடுகிறது. அதைக் கடக்கச் சமிக்ஞை விளக்கோ வரிக்குதிரைக் கோடோ கிடையாது. சுரங்கப்பாதையோ மேம்பாலமோதான் வழி. கைப்பேசி வரைபடத்தில் கடல் மிக அருகில் இருப்பதாகக் காட்டும். புதிதாக வருபவர்கள் சாலையோரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே குழம்புவார்கள். நிலையத்திலிருந்து வெளியேறும்போதே ஈஸ்ட் கோஸ்ட் பார்க் என்ற வழிகாட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் சுரங்கப்பாதை வாயிலுக்குக் கொண்டுவிடும்.

பூங்காவுக்குள் வந்ததும் கடல் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கிழக்கு நோக்கி நடங்கள். நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் தனித்தனிப் பாதைகள். தரையில் படம் வரைந்திருக்கும். அகலமாக இருக்கிறதே என்று மிதிவண்டிப் பாதையில் குடும்பத்தோடு கைகோத்து நடப்பது, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவனுக்கும் உங்களுக்கும் ஆபத்து. மிதிவண்டி வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் எடுத்த கடையிலேயே திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே திசையில் நடந்து வேறு நிலையத்தில் ரயில் ஏறும் இந்தத் திட்டத்துக்கு நடையே பொருத்தம்.

சென்னை மெரினாவின் அலையையோ கன்னியாகுமரியின் அஸ்தமனத்தையோ எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். நிலத்தை மீட்டு உருவாக்கிய கரை இது. கல் அணைகளுக்கு நடுவே சிறு சிறு வளைவுகளாக மணல். தெற்கு நோக்கிய கரையாதலால் சூரியன் கடலுக்குள் இறங்காது. பின்னால், நகரக் கட்டடங்களின் பக்கம் சாயும். தொடுவானம் முழுதும் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். என் அத்தை ஒருவர் முதல் முறை பார்த்தபோது அவற்றை அந்தப் பக்கத்து ஊர் என்று நினைத்துவிட்டார். இருட்டி விளக்குகள் ஏற்றிய பின் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அலை மெல்லியதாக இருப்பதால் ஆழமில்லை என்று எண்ண வேண்டாம். கணுக்கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கழிப்பறைக் கட்டடங்களில் கால் கழுவும் குழாய்கள் இருக்கின்றன. பூங்காவிலும் கடற்கரையிலும் புகைபிடிக்கத் தடை உண்டு.

10. இரவு உணவும் திரும்பும் வழியும்

மரின் டெரஸ் பகுதியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்தால் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி வரும். சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி), சுட்ட கோழி இறக்கை, சம்பல் தடவிச் சுட்ட திருக்கை ஆகியவற்றுக்கு அங்கே வரிசை நிற்கும். பல கடைகள் மாலையில்தான் திறக்கும். ஆகையால் கடற்கரையை மதியத்துக்கு மாற்றினால் இங்கே பாதிக்கடை மூடியிருக்கும். ஆறரைக்குள் மேசை பிடித்துவிடுங்கள். வார இறுதியில் ஏழு மணிக்குப் பின் நின்றுகொண்டே காத்திருக்க நேரிடும். சிறிது ரொக்கம் கையில் இருக்கட்டும், எல்லாக் கடைகளிலும் வெளிநாட்டு அட்டை செல்லாது. சைவ உணவு உண்பவர்கள் இங்கே இளநீரோடும் பழங்களோடும் நிறுத்திக்கொண்டு, தேக்காவுக்குத் திரும்பிச் சாப்பிடலாம். அங்கே இரவு பத்து மணிக்கும் கடைகள் திறந்திருக்கும்.

உணவங்காடியிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் வந்த திசையிலேயே திரும்பி நடந்து, சுரங்கப்பாதை வழியாகச் சிக்லாப் நிலையத்தை அடையுங்கள். இப்போது உட்லண்ட்ஸ் நார்த் பக்கம்தான் உங்கள் மேடை. பத்தாவது நிறுத்தமான ஊட்ரம் பார்க்கில் இறங்கி ஊதா நிறத் தடத்துக்கு மாறினால், நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா.

பெருமரங்களின் ஒளி-ஒலிக் காட்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும். முதல் காட்சிக்கு ஓடினால் கடற்கரையில் அந்தி மயங்கும் நேரத்தை இழப்பீர்கள். எட்டு மணிக்குச் சிக்லாப்பில் ரயில் ஏறி, ஆறாவது நிறுத்தமான கார்டன்ஸ் பை தி பேயில் இறங்கி, இரண்டாம் காட்சிக்குப் போய்ச் சேரலாம். மரங்களின் அடியில் புல்லிலோ கல்திட்டிலோ துண்டை விரித்து மல்லாந்து படுத்துப் பார்ப்பவர்களுக்குக் கழுத்து வலிக்காது. முடிந்ததும் கூட்டம் முழுதும் பேஃபிரண்ட் நிலையத்தை நோக்கிப் போகும். நீங்கள் வந்த வழியே பழுப்புத் தடத்துக்குத் திரும்பினால் அமர இடம் கிடைக்கும்.